எழுதறவர் வீடு

பாடையைத் தூக்க நாலு பேர் இல்லை.

கட்டி முடித்து வாசலில் வைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பந்தல் இல்லை, மேளம் இல்லை. எதிர்வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. இறந்தவரின் மைத்துனர் வீரராகவன் நெருப்புச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் லோகநாதன் மாலையோடு வந்து சேர்ந்தான்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை அவனுக்கு. கூட வந்த சிராஜ், தானியேல், ராஜவேலு மூவரும் அதே ஷிப்டு. நால்வருமே ஆரணிமைந்தன் நாவல்களை ஒன்றுவிடாமல் படித்தவர்கள். வாரப் பத்திரிகை வந்துவிட்டால் கேன்டீனில் நின்றபடியே தொடரை முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்கள்.

எழுத்தாளர் தன் படத்தை எங்கேயும் போடவிட்டதில்லை. திருவள்ளூர்க்காரர் என்பது மட்டும் தெரியும். இறந்துவிட்டார் என்று காலையில் பேப்பரில் பார்த்ததும், லீவு சொல்லிவிட்டுப் புதுவாயலில் பஸ் ஏறிவிட்டார்கள்.

திருவள்ளூரில் இறங்கியதும் வெற்றிலைக் கடையில் லோகநாதன்தான் கேட்டான். "எழுதறவரு செத்துட்டாராமே, ஊடு எதுங்க?"

கடைக்காரர் வாயைத் திறக்காமல் இந்தச் சந்துப் பக்கம் கைகாட்டினார்.

வெறிச்சோடிக் கிடந்த வாசலைப் பார்க்கப் பார்க்க லோகநாதனுக்கு நெஞ்சு கொதித்தது. ஊர் ஊராக ஜனங்களை அழவைத்த மனுஷனுக்கு இவ்வளவுதானா?

மாலையைப் போட்டான். மெலிந்த உடம்பு. வலது கை நடுவிரலில் மைக்கறை இன்னும் போகவில்லை. அதைப் பார்த்ததும் தானியேல் விசும்பிவிட்டான்.

"யாரு நைனா நீங்க?" என்றாள் கங்கம்மாள், இறந்தவரின் மனைவி.

"அவரு எழுதனதைப் படிச்சவங்கம்மா."

அவள் அவனையே பார்த்தாள். "கோர்ட்டுல உண்மையச் சொல்லிட்டாருன்னு தெருவே எங்கள ஒதுக்கி வெச்சிடுச்சு. நீங்க எங்கிருந்தோ வந்துகிறீங்க."

லோகநாதனுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஆரணிமைந்தன் கதையில் வருகிறவர்களும் அப்படித்தான். ஊரே எதிர்த்து நின்றாலும் சொன்ன சொல்லை மாற்றமாட்டார்கள்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? தூக்குங்க."

நாலு தோள் சேர்ந்தது.

சாத்திய கதவுகளுக்கு நடுவே தலை நிமிர்ந்து நடந்தார்கள். ஆலையில் பாரம் சுமந்து பழகிய கால்கள், ஒன்றுபோல விழுந்தன. எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. லோகநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைத்தெருவுக்கு வந்ததும் வழி அடைத்திருந்தது.

எங்கு பார்த்தாலும் தலைகள். நடுவே பூவால் மூடிய ஒரு லாரி. மாடிகளிலிருந்து பெண்கள் பூ இறைத்தார்கள். லாரியின் முன்னால் கட்டியிருந்த துணியில் பெரிய பெரிய எழுத்து: ஆரணிமைந்தன்.

சிராஜின் கால் நின்றது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

வீரராகவன் அந்தத் துணியைப் படித்தார். பிறகு நால்வரின் முகத்தையும் பார்த்தார்.

"எங்க மச்சான் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதறவரு, தம்பி" என்றார் மெதுவாக. "நீங்க அங்க போவணும்னா…"



லாரி அவர்களைக் கடந்துகொண்டிருந்தது. அறுபத்தைந்தாம் வருடத்திலிருந்து எட்டு வருடம் வாரந்தவறாமல் படித்தவரின் முகத்தை லோகநாதன் முதல் தடவையாகப் பார்த்தான். உருண்டையான முகம். வாய் ஓரத்தில் சிரிப்பு இருப்பது போல் இருந்தது. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

லாரி மறைகிற வரைக்கும் பார்த்தான். அப்புறம் பாடையை இன்னும் கொஞ்சம் கழுத்தோரமாக இழுத்துக்கொண்டான்.

"அவரைத் தூக்க ஊரே இருக்குது, ஐயா. நாங்க வெளியூரு. சுடுகாடு எந்தப் பக்கம்னு காட்டுங்க."

வீரராகவன் முன்னால் நடந்தார்.