ஒரு சாண் நிலம்

கடலைக்காட்டில் ஒரு பெருச்சாளியும் ஒரு வயல் எலியும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. நடுவே ஒரு வரப்பு. அது தன் பக்கமாக ஒரு சாண் நகர்ந்து வந்துவிட்டது என்பதில் பெருச்சாளிக்குச் சந்தேகமே கிடையாது.

“மயிலைக் கூட்டிட்டு வந்து அளந்துருவோம்,” என்றது. அந்தக் காட்டுக்கு மயில்தான் சர்வேயர்.

“அறுபது கடலை கேக்கும் அண்ணே. அந்த ஒரு சாண்ல அஞ்சு கடலைகூட விளையாது. பேசாம நீங்களே வச்சுக்கங்க,” என்றது எலி.

“நீ குடுத்து நான் வாங்கணுமா? அது என் நிலம். அளந்தே எடுத்துக்கறேன்.”

மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த கடலையில் அறுபதை எண்ணி, மயிலின் முன்னால் கொட்டியது பெருச்சாளி. எலியின் பக்கத்து மூலைக்கல்லிலிருந்து மயில் நீட்டி நீட்டி அடி வைத்து எண்ணிக்கொண்டே வந்தது. வரப்பு வந்தது. மயில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, பெருச்சாளியின் வளை வாசலில் போய்த்தான் நின்றது.

“எலியோட நிலம் இதுவரைக்கும் வருது.”

பெருச்சாளி அசரவில்லை. “வாயால சொன்னா ஆச்சா? கல்லு நட்டாத்தான் கணக்கு.”

“நடலாம். அதுக்குத் தனியா நாப்பது.”

“இப்பக் கையில கடலை இல்ல. அடுத்த வெள்ளாமைக்குப் பாத்துக்கலாம்,” என்றது பெருச்சாளி, நிம்மதியாக.

அதற்குள் எலி தன் வளைக்கு ஓடிப்போய்த் திரும்பியிருந்தது. மயிலின் காலடியில் நாற்பது கடலையை வைத்தது.

“அந்தச் செலவு என்னோடதா இருக்கட்டும் அண்ணே.”