அடுத்த வாரம் வாங்க

“எங்க ஃபைல் கிடைச்சுதா சார்?”

கேட்டவளுக்குப் பதினேழு வயது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிக்கு ஒன்பது. குழந்தைகள் நல அலுவலகத்தின் தலைமை கிளார்க், மேசையில் இருந்த காகிதங்களை அப்படியும் இப்படியும் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இல்லைம்மா. தேடிக்கிட்டுதான் இருக்கோம். அடுத்த வாரம் வாங்க.”

பையன் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அவர்கள் தங்கியிருந்த குழந்தைகள் இல்லத்து வண்டி திரும்பி வரும்வரை இருவரும் வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு சோஷியல் ஒர்க்கரை ஒதுக்க வேண்டும். ஒதுக்க ஃபைல் வேண்டும். அந்த ஃபைலைத்தான் பதினான்கு மாதமாகக் காணோம்.

பக்கத்து மேசையில் இருந்த புதிய சோஷியல் ஒர்க்கருக்கு இதைக் கேட்டு மனசு பொறுக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து நாலே நாள்தான் ஆகிறது. உலகத்தைத் திருத்தும் வேகம் இன்னும் குறையவில்லை.

“பதினாலு மாசமா சார்? ஒரு ஃபைலையா காணோம்?”

“நீங்க புதுசும்மா. இங்க ஆபீஸ் சாவியே ஒரு தடவை ரெண்டு வருஷம் காணாமப் போச்சு.”

“அப்போ ஆபீஸை எப்படிப் பூட்டினீங்க?”

“பூட்டலை.”

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று அவள் பையனிடம் போய்க் குனிந்தாள். “உனக்கு என்ன கண்ணா வேணும்? என்கிட்ட சொல்லு.”

“எங்க அக்கா கூடவே இருக்கணும்.”

“அவ்வளவுதானே? அதுக்கு முதல்ல உங்களுக்குன்னு ஒரு ஒர்க்கர் வேணும். ஃபைலை நான் கண்டுபிடிக்கிறேன்.”

“உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்? நாங்க அடுத்த வாரமே வர்றோம்” என்றாள் பெண்.

இவ்வளவு பொறுமையா என்று புதியவளுக்கு நெஞ்சு உருகிவிட்டது. அவ்வளவுதான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அலமாரிகளில் இறங்கினாள். ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. பல் போன சீப்பு கிடைத்தது. தலைமை கிளார்க் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த விடுப்பு விண்ணப்பம்கூடக் கிடைத்தது.

“அட, லீவு கேட்டிருக்கேனா? நான் போயிட்டே வந்துட்டேனே” என்றார் அவர்.

“சார், நீங்களும் கொஞ்சம் எழுந்து வந்து தேடலாமே.”

“முட்டி வலிம்மா. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியலை.”

அவள் முறைத்துக்கொண்டே அவருடைய மேசைப் பக்கம் திரும்பினாள். சட்டென்று பெண் எழுந்து வந்து, “மேடம், அந்த மேல் தட்டைப் பார்த்தீங்களா? அங்க நிறைய கட்டு இருக்கு” என்று எதிர்ச் சுவரைக் காட்டினாள். ஸ்டூல் போட்டு ஏறியவளின் தலையில் இருபது வருஷத் தூசி கொட்டியது. தும்மித் தும்மி இறங்கியவளுக்குப் பையன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

அந்தத் தண்ணீரைக் குடித்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

“போதும். தொலைஞ்ச ஃபைல் தொலைஞ்சதாவே இருக்கட்டும். புது ஃபைல் போட்டு மேலதிகாரிகிட்ட நானே கையெழுத்து வாங்கறேன். இன்னைக்கே இந்தக் கேஸ் எனக்கு.”

பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான். அக்காவுக்கும் உதடு துடித்தது. புதியவளுக்கும் கண் கலங்கிவிட்டது. இந்த வேலைக்கு வந்ததே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று தோன்றியது.

தலைமை கிளார்க் தொண்டையைக் கனைத்தார். “வண்டி வந்திருக்கும். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன்.”

இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள். தலைமை கிளார்க் விருட்டென்று எழுந்து கதவைச் சாத்தினார். முட்டி வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. தன் நாற்காலி மெத்தையைத் தூக்கினார். அடியில் அந்த ஃபைல் இருந்தது.

“சார், இது என்ன அநியாயம்?”

“கேளும்மா. இப்ப இருக்கிறது தற்காலிக இல்லம், அதனால ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க. ஒர்க்கரை ஒதுக்கிட்டா, பதினஞ்சு நாள்ல நிரந்தர இல்லத்துக்கு அனுப்பியாகணும். பொண்ணு ஒரு ஊரு, பையன் ஒரு ஊரு. நடுவுல எட்டு மணி நேரப் பயணம். இன்னும் நாலு மாசத்துல அவளுக்குப் பதினெட்டு முடியுது. அப்புறம் தம்பியை அவளே தன் பொறுப்புல வெச்சுக்கலாம். அதுவரைக்கும் இது யார் கையிலயும் கிடைக்கக் கூடாது.”

அவள் ஃபைலைக் கையில் வாங்கினாள். பிறகு தானே அதை நாற்காலியில் வைத்து, மேலே மெத்தையைப் போட்டு, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

“இருந்தாலும் பாவம் சார். அந்தப் பிள்ளைங்க நம்பிக்கையோட வாராவாரம் வந்து கேக்குதுங்களே.”

தலைமை கிளார்க் நிதானமாக அதன்மேல் உட்கார்ந்தார்.

“இதை அலமாரியிலேருந்து உருவிக் கொண்டுவந்து என் கையில குடுத்ததே அந்தப் பொண்ணுதாம்மா. பத்திரமா தொலைஞ்சிருக்கான்னு வாராவாரம் வந்து பார்த்துட்டுப் போறாங்க.”