மேற்கத்தி அலை

ஷிப்ட் இல்லாத காலை. அலைச்சறுக்குக்குக் கிளம்புமுன் பீட்டர் போனில் கடல் நிலவரம் பார்த்தான். மேற்குக் காற்று. அலையை அழகாக நிமிர்த்தும். ஆலைகளின் அழுகல் நாற்றத்தையும் வாரிக்கொண்டு வரும். அலையும் மேற்கிலிருந்தே வருவதாகப் போட்டிருந்தது.

மனைவி ஏஞ்சல் எட்டிப் பார்த்தாள். “மேக்கால ஏது கடலு? கம்பெனிங்கதான கீது.”

“போன் தப்பா காட்டுது. நீயும் வந்து பாரு.”

பலகையில் படுத்துத் துழாவிப் போய், கிழக்கு பார்த்து உட்கார்ந்தான். ஓர் அலைகூட இல்லை. சாம்பல் நுரை தொடையில் சளிபோல் ஒட்டியது. வாயில் பட்டதைக் காறித் துப்பிவிட்டு, வெறுத்துப்போய்க் கரைப்பக்கம் திரும்பினான்.

பலகை அசையவில்லை; தூரத்துப் புகைபோக்கிகள்தான் நிதானமாக உயர்ந்து தாழ்ந்தன. அப்புறம் சவுக்குத் தோப்பு. அப்புறம், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏஞ்சல் உட்கார்ந்திருந்த மணலும் எழும்பத் தொடங்கியது.