கண்ணாடிக்குக் கீழே

"தண்ணிக்குள்ள என்ன பேசிக்குவீங்க?"

"பேசவே முடியாது. வாயில காத்துக்குழாய் இருக்கும். எல்லாத்தையும் சேத்து வச்சு, வீட்டுக்கு வந்து உங்கிட்டதான் பேசணும்."

"வந்ததும் உங்களைப் பேச விட்டாத்தானே?"

"அது தெரிஞ்சுதானே கட்டிக்கப் போறேன், ரேடியோ!"

கல்யாணம் நிச்சயமான வாரத்தில் பேசிக்கொண்டது. படகின் அடியில் பதித்திருந்த கண்ணாடிமேல் குனிந்திருந்தவளுக்கு இப்போது அது ஒரு வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்குக் கீழே, மூழ்கிப்போன கப்பலின் துருப்பிடித்த கைப்பிடிக் கம்பியோரம், அவள் கணவன் பேசிக்கொண்டிருந்தான். இன்னொருத்தியிடம்.

விரல்களால்தான். ஆனாலும் பேச்சு பேச்சுதானே!

முக்குளிப்பவர்களின் சைகைகள் அவளுக்கும் தெரியும். அடுப்படியில் நின்று அவனே சொல்லிக்கொடுத்தவை. விரலை வளையமாக்கினால் எல்லாம் சரி, கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகலாம், கழுத்தறுப்பதுபோல் காட்டினால் காற்று தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் தண்ணீருக்குள் சொல்ல என்ன இருக்கிறது என்பான்.

கீழே இருந்த இருவருக்கும் சொல்லி மாளவில்லை. அவன் விரல்கள் என்னவோ கதை சொல்ல, பயிற்சியாளரான அந்தப் பெண் சிரித்ததில் குமிழ்கள் குபுகுபுவென்று மேலே வந்தன. செல்லமாக அவன் தோளில் ஒரு அடி வேறு.

காலையில் கணவன் அறிமுகம் செய்தபோது, அதே பெண் இவளிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு புன்னகையோடு சரி. திரும்பி அவன் முதுகில் இருந்த காற்று உருளையின் வார்களை உரிமையோடு இழுத்து இழுத்துப் பார்த்தாள். எந்த முகத்தோடு பேசுவாள்?

"என்னம்மா, மீன் தெரியுதா?" என்றார் படகோட்டி.

"நல்லாத் தெரியுது. ரெண்டு பெரிய மீன்."

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அவங்களா? தண்ணியில இறங்கிட்டா ஒரே அரட்டைதாம்மா. மேல வந்தா கப்சிப்."

"சார் அடிக்கடி வருவாரோ?"

"மாசம் தவறாம வர்றாரே. ஒரு வருஷமா."

மாசம் தவறாமல் அவன் போய்வந்தது பக்கத்து ஊர்க் கிளையின் தணிக்கைக்கு. அப்படித்தான் சொன்னான். அவளும் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கிக் கொடுத்தாள்.

அந்த ஒரு வருஷமும் வீட்டில் அவள் என்ன சொன்னாலும் "ம்", "ஆமா", "பாக்கலாம்". ஃபோன் செய்தால் எடுப்பதில்லை; மெசேஜ் போடு என்று பதில் வரும். மாலையானால் டிவியை அலறவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அவளோடு பேசாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

போன வாரம் ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்தவனின் முதுகைப் பார்த்து, எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்ற சந்தேகத்தில், மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேவிட்டாள். "யாருங்க அவ?"

அவன் நிமிரவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். அதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படி ஒப்புக்கொள்வான்?

மறுநாளே, "கடலுக்குப் போறேன், நீயும் வா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். பஸ்ஸில் கேட்க வாயெடுத்தான், விழுங்கிக்கொண்டான். விடுதி அறையில் மறுபடி ஆரம்பித்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். என்ன கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணையும் காட்டி, கடலையும் காட்டி, கையெழுத்து கேட்பான்.

ஏணி ஆடியது. இருவரும் படகில் ஏறினார்கள். முகக் கண்ணாடியின் தடம் பதிந்த கன்னத்தோடு அவன் இவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய், அவனுக்கு முதுகைக் காட்டி, அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே நின்றாள்.

இன்ஜின் ஓடவில்லை. காற்றும் இல்லை.

"கேக்க வந்ததைக் கேட்டுடுங்க. விவாகரத்துதானே? குடுத்துடறேன். இவங்களோடயே பேசிட்டு இருங்க."

சுருட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் படகோட்டி நழுவவிட்டார். இவள் உதடுகளையே கவனித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

அவன் மட்டும், யாரோ யாரிடமோ சொன்னதுபோல், காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கல்லா நீங்க?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது. அவன் அடுத்த காலின் துடுப்பைக் கழற்றத் தொடங்கினான்.

அந்தப் பெண் ஓடிப்போய் அவன் தோளைத் தட்டினாள். அவன் நிமிர்ந்ததும் அவள் விரல்கள் படபடவென்று எதையோ சொல்லி, கடைசியில் இவளைச் சுட்டி நின்றன. அவன் கையிலிருந்த துடுப்பு கீழே விழுந்தது.

ஈரம் சொட்டச் சொட்ட வந்து இவள் முன்னால் மண்டியிட்டான். முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். கண்களைப் பார்க்காமல் இவள் உதடுகளையே பார்த்தான்.

"இல்லம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் படகோட்டி திடுக்கிட்டார். "சொன்னா நீ பேசறதையே நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்."

"என்ன சொன்னா?"

அவள் உதடு அசைந்து முடியும்வரை காத்திருந்தான். பிறகு, ஒரு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான்.

"காது போயிட்டே இருக்கு ரேடியோ. நீயும் இவங்ககிட்ட கையால பேசக் கத்துக்கிறியா?"