இரண்டு குடுவை மண்

மண் பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல் வெயிலில் இரண்டு உயரமான கண்ணாடிக் குடுவைகள் நிற்கின்றன. இரண்டிலும் இருப்பது கல்வராயன் மலையடிவாரத்தில் தங்கமணி உழுகிற செம்மண்; நிலத்தில் குட்டை வெட்டினால் தண்ணீர் தங்குமா என்று கேட்க அவள் கொண்டுவந்தது. ஒன்றில் மண் மணலைப்போல அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. மற்றதில் களி கலங்கி, குழம்பாகச் சிவந்தே நிற்கிறது. தங்கமணியின் கண்கள் இடுங்குகின்றன. “இன்னா மேடம், இதுல யார் மண்ண மாத்தி ஊத்துனீங்க?” “ரெண்டும் உங்க மண்ணுதான்க்கா,” என்கிறாள் பரிசோதகர் சப்ரின். “அதுல வெறும் தண்ணி. இதுல மண்கட்டிய ஒடைக்கிற உப்புக் கரைசல் ஊத்தி ரொம்ப நேரம் கலக்கினேன். கட்டி ஒடைஞ்சி உள்ள இருந்த களி வெளிய வந்துச்சி.” “அப்ப குட்டை வெட்டுனா தண்ணி நிக்குமா, நிக்காதா?” சப்ரின் குடுவைகளை மாறி மாறிப் பார்க்கிறாள். “இந்தக் களிய பாத்தா நிக்கணும், அதுல மணலாட்டம் இறங்குறத பாத்தா நிக்காதுக்கா.” தங்கமணி மேசையிலிருந்த மண்பையை இழுத்து, அதன் வாயை இறுக்கிக் கட்டுகிறாள். “மீதி மண்ணு எங்கிட்டயே இருக்கட்டும்.”