வளைவில் வந்த சிரிப்பு

கார் கடைக்கு மகன் வந்து சேர்வதற்குள் பெரியவர் பெரியதும் சின்னதுமாக இரண்டு வண்டிகளைச் சோதித்துப் பார்த்து, சின்னதே போதும் என்று சொல்லிவிட்டிருந்தார்.

"அப்பா, பெரிய வண்டி யானை மாதிரி இழுக்கும். அதை விட்டுட்டு இந்தத் தீப்பெட்டியையா வாங்குவாங்க?"

"நாம என்ன மலையையா இழுக்கப் போறோம்? அந்த வண்டியில ஏறினா மூஞ்சி இறுகிப் போகுது. இதுல ஒவ்வொரு வளைவுலயும் சிரிப்பு பொத்துக்கிட்டு வருதுடா."

"சிரிப்பா? பொறந்ததுலேர்ந்து நீங்க சிரிச்சு நான் பார்த்ததில்லையே! எவனோ உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்."

"என் தலையில அரைக்க ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்."

"வீம்பு பண்ணாதீங்கப்பா. இந்த வயசுல உங்களுக்குச் சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்!"

"நான் சிரிச்சேன்னு எப்படா சொன்னேன்?"

விற்பனையாளர் சாவியை நீட்டினார். பெரியவர் அதை வாங்காமல் சின்ன வண்டியைக் கைகாட்டினார். ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சிரிச்சது உங்கம்மா. ரெண்டு வண்டியையும் ஓட்டினது அவதான். லைசென்ஸ் வாங்கினது தெரிஞ்சா நீ குறுக்கே விழுவேன்னுதான் உங்கிட்ட மூச்சு விடல."

"நீங்கதான் யாரையும் நம்ப மாட்டீங்களேப்பா!"

"இப்பவும் நம்பல" என்றபடி பக்கத்து இருக்கையில் ஏறிய பெரியவர், பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "நீ வண்டிய எடுடி!"