பேராசிரியர் யார்?

உலகுக்கு மூலம் அணுவா, ஆண்டவனா என்று ஆயுளெல்லாம் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி அவர்கள். அறுவை சிகிச்சை முடிந்தும் அம்மா இன்னும் கண் விழிக்கவில்லை.

"ஆக்சிஜன் சரியா இருந்தா போதும்ணே. மத்ததெல்லாம் மருந்து பாத்துக்கும்" என்றான் தம்பி.

"மருந்தாவது மண்ணாவது! எல்லாம் மேல இருக்கறவன் கையில. கண்ணை மூடி வேண்டிக்கடா."

"வேண்டினா ரத்த அழுத்தம் சரியாயிடுமா?"

"வாயை மூடு."

கதவு திறந்தது. செவிலியர் சிரித்தார்.

"முழிச்சுட்டாங்க. இனி பயமில்ல."

இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"இயற்பியல் பேராசிரியர் யாரு? 'தியானம் சொல்லித்தர்ற என் இன்னொரு பிள்ளை வேண்டிக்கிட்டிருப்பான், கேலி பண்ணாதே'ன்னு சொல்லச் சொன்னாங்க."

அண்ணன் கூப்பிய கைகளைப் பிரித்து, ஒன்றை மெல்ல உயர்த்தினான்.

தம்பி குனிந்து, "நான் கேலி பண்ணலண்ணே. நீ வேண்டிக்கோ" என்றான்.